‘கை வராது’ என்னும் பொய்

மாத்தளை நகருக்கு மேற்கே, மிளகும் கொக்கோவும் றப்பரும் ஒன்றையொன்று நெருக்கி வளரும் மலைச்சரிவுகளைக் கொண்டது யட்டவத்தப் பிரதேசம். அங்குள்ள தோட்ட லயமொன்றின் வாசலிலே, தைப்பொங்கலன்று விடியுமுன் எழுந்து, வரிசை பிசகாமற் புள்ளிகளை இட்டு, அவற்றைச் சுற்றிச் சிக்கற் கோலமொன்றை ஓரிடத்திலேனும் அழிக்காமல் இழுத்து முடிக்கும் பெண்ணொருத்தியை நினைத்துப் பார்க்கலாம். அதே பெண்ணிடம் ஒரு பென்சிலையும் வெள்ளைத் தாளையும் நீட்டி, எதிரேயுள்ள குடத்தை வரையுமாறு கேட்டால் அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். “அதெல்லாம் நமக்கு வராதுங்க” என்பதே அவளது விடையாக இருக்கும். அவளுடைய பிள்ளைக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியரைக் கேட்டாலும், அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞரைக் கேட்டாலும் விடை மாறுவதில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளரைக் கேட்டால் அதே விடை சற்று நயமான சொற்களிற் கிடைக்கும்: தமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பார்.

வேறெந்த விடயத்திலும் ஒன்றுபடாத தோட்டத் தொழிலாளியும் பேராசிரியரும் இந்த ஒரு வாக்கியத்தில் ஒன்றுபடுவது வியப்புக்குரியது. ஆயின், ஒரு கூற்றைப் பலர் ஒத்துக்கொள்வதனால் அது உண்மையாகிவிடுவதில்லை. சித்திரம் பிறவியிலேயே சிலருக்கு வாய்த்த வரம், இளமையிற் கைவராதவருக்கு வளர்ந்தபின் எவ்வாற்றானும் கைவராது என்னும் நம்பிக்கை முழுப் பொய். இப்பொய்க்கு ஒரு வரலாறு உண்டு, இதனால் நன்மையடைவோர் உளர், நட்டமடைவோரும் உளர். நட்டமடைவோருள் முதல் வரிசையில் நிற்பவர்கள் மலையகத் தொழிலாளர்கள் என்பதே இங்கு வற்புறுத்தப்பட வேண்டியது.

‘வரம்’ என்னும் வாதத்தை முதலில் மாத்தளை மாவட்டத்து மண்ணிலேயே வைத்துச் சோதிக்கலாம். 1991இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட தம்புள்ளைக் குகை விகாரைகள் இம்மாவட்டத்துக்கு உரியவை. ஐந்து குகைகளின் முகட்டையும் சுவரையும் போர்த்தியிருக்கும் ஓவியங்கள் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்புக் கொண்டவை. கண்டி அரசின் காலத்தில் இத்தகைய விகாரைச் சுவர்களைத் தீட்டியவர்கள், இதே மாவட்டத்து நீலகம போன்ற ஊர்களைச் சேர்ந்த பரம்பரை ஓவியர்கள். பரம்பரை என்ற சொல் காதில் விழுந்தவுடன், ‘இரத்தத்தில் ஊறியது’ என்று கூறி விவாதத்தை முடித்துவிட முனைவோர் உளர். ஆனால் மரபுக் கைவினைஞரை நேரிற் கண்டு ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலிற் கூறும் செய்தி வேறு. அக்குடும்பங்களிற் பிறந்த சிறுவன் எடுத்த எடுப்பிலே யானையையும் அன்னத்தையும் வரைந்துவிடவில்லை. ‘வக தெக’ எனப்படும் இரட்டை வளைவை முதலில் அவன் பழகினான். கை தளர்ந்து, வளைவு ஒழுகும்வரை அதனையே மீண்டும் மீண்டும் இட்டான். அதன் பின்னரே கொடியும் இலையும் மலரும் அவனுக்குக் கற்பிக்கப்பட்டன.

இரத்தத்தில் ஊறிய ஒன்றுக்குப் பயிற்சிப் பலகை எதற்கு? அக்குடும்பங்களில் வழிவழியாக வந்தது பாடத்திட்டமே என்பது இதனாற் பெறப்படும். அப்பாடத்திட்டம் ஒரு குலத்தின் வேலிக்குள் இருந்தது. வேலிக்கு வெளியே நின்றவனுக்கு அது மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவன் வரையவில்லை, வரையாதவனுக்கு வரையும் ஆற்றல் இல்லையென்று கூறப்பட்டது. அன்று ‘குலத்தொழில்’ எனப்பட்ட வேலிக்கு இன்று ‘பிறவித் திறமை’ என்று பெயர். பெயர் மாறியிருக்கிறது, வேலி மாறவில்லை.

வேலியைத் தாண்டியவர்களின் வரலாறும் இத்தீவில் இருக்கிறது. கண்டியில் 1901இற் பிறந்த ஜோர்ஜ் கீற் எந்த ஓவியக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். தமது 26ஆவது வயதளவிலேதான் அவர் முறையாக ஓவியந் தீட்டத் தொடங்கினார். பொறளையிலுள்ள கோதமி விகாரையின் சுவரோவியங்கள் 1939–40 ஆண்டுகளில் அவர் கையால் உருவாயின. 1902இற் பிறந்த மஞ்சுசிறீ சிறு வயதிலேயே துறவு பூண்டவர். 1932இல் சாந்திநிகேதன் சென்ற காலப்பகுதியிலேதான் ஓவியத்தின்பால் ஈர்க்கப்பட்டார். பின்னர், அழிந்துகொண்டிருந்த விகாரை ஓவியங்களை ஊரூராகச் சென்று படியெடுத்த அப்பணிக்காக 1979இல் மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. இவ்விருவரும் 1943இல் கொழும்பிற் கூடிய ‘43 குழு’வின் தொடக்க உறுப்பினர்கள். நாட்டின் நவீன ஓவியத்தையே திசைதிருப்பிய குழுவில் இருவர் வளர்ந்த பின்னரே தூரிகை எடுத்தவர்கள் என்பது கருதத்தக்கது.

அயலகத்தே நோக்கினும் நிலைமை இதுவே. இரவீந்திரநாத் தாகூர், கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய வரிகளை உருவங்களாக இணைத்து விளையாடத் தொடங்கியது அறுபது வயதைத் தாண்டிய பின்னர். அவரது முதற் கண்காட்சி 1930இற் பாரிஸ் நகரில் நடந்தது. வின்சன்ற் வான் கோ, பெல்ஜியத்துப் போறினாஜ் கரிச்சுரங்கத் தொழிலாளர் மத்தியிற் சமயப் பணி செய்து தோல்வியுற்று, 1880இல் 27ஆவது வயதிலே ஓவியராவதெனத் தீர்மானித்தார். அதன்பின் அவர் செய்தது என்ன? சார்ள்ஸ் பார்க் என்பவரின் சித்திரப் பயிற்சிப் பாடங்களை ஒரு மாணவனைப்போல் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். தூர நோக்குப் பிடிபடாமையால், குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய சட்டகமொன்றைச் செய்வித்து, அதனூடே வயல்களைப் பார்த்துப் பழகினார். வரம் பெற்றவரெனக் கொண்டாடப்படும் மனிதர் நூல் கட்டிய சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்பதை வரவாதிகள் எடுத்துச் சொல்வதில்லை.

எனினும், மேற்கூறியோர் யாவரும் மேதைகள், விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிடலாம். ஆகவே சாதாரண மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதனை நோக்குதல் வேண்டும். ஐந்து வயதிற் சித்திரம் வரையாத பிள்ளை இல்லை. வீடு, தென்னை, இரு மலைகளுக்கிடையே உதிக்கும் சூரியன், ‘வி’ வடிவக் காகங்கள் என எல்லாம் அதற்குக் கைவரும். ஒன்பது, பத்து வயதளவில் நிலைமை மாறுகிறது. தான் வரைந்த மாடு மாட்டைப்போல் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியத் தொடங்குகிறது. கண் வளர்ந்துவிட்டது, கைக்கு ஒன்றும் கற்பிக்கப்படவில்லை. அந்த வேளையில் ஓர் ஆசிரியர் அருகிருந்து, மாட்டின் முதுகுக்கோடு எங்கே தாழ்கிறது எனக் காட்டினால் பிள்ளை தொடரும். காட்ட ஆளில்லாதவிடத்து வெட்கம் வருகிறது. வெட்கம் பென்சிலை மூடி வைத்துவிடுகிறது. அமெரிக்கச் சித்திர ஆசிரியையான பெற்றி எட்வேட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டினார்: வளர்ந்தவர் வரையும் முகம் பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளை வரைந்த முகமாகவே இருக்கிறது, காரணம், அவருடைய சித்திரக் கல்வி பத்து வயதில் நின்றுபோனது.

கணிதம் பத்து வயதில் நிறுத்தப்பட்டிருந்தால் இந்நாட்டிற் பின்ன எண் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பர்? அவர்களைப் பார்த்து ‘கணிதம் பிறவி வரம்’ என்று எவரேனும் கூறுவரா? மலையகத்துக்கு இக்கேள்வி புதிதன்று. சம்பளப் பதிவேட்டிற் பெருவிரலை உருட்டிய தலைமுறையொன்று அங்கு வாழ்ந்தது. தோட்ட நிர்வாகங்களின் கீழிருந்த பாடசாலைகள் 1970களில் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கும்வரை, அங்கு கிடைத்த கல்வி எழுத்தறிவின் முதற்படிகளைத் தாண்டியது அரிது. ‘அவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று அன்று கூறியோர் இருந்தனர். அதே தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெறுகின்றனர். எனவே ‘ஏறாது’ என்றது பொய்யென்பது நிறுவப்பட்டுவிட்டது. ‘கை வராது’ என்பது அதே பொய்யின் உடன்பிறப்பு. முன்னதை எதிர்த்துப் போராடிய சமூகம் பின்னதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருப்பது வேதனைக்குரியது.

வளர்ந்தவருக்கு உண்மையிற் கைவராதது எது? கோடு இழுக்கும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது. தம் பெயரைக் கையொப்பமிடும் எவருக்கும் அது உண்டு. கடினம் பார்ப்பதிலேயே உள்ளது. ஒரு தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்து வரையச் சொன்னால், தொடக்கநிலையினர் அதன் வாயை முழு வட்டமாக வரைவர். ஏனெனிற் கோப்பையின் வாய் வட்டமானது என்பது அவருக்குத் தெரியும். அடியை நேர்கோடாக வரைவர். ஏனெனிற் கோப்பை மேசையில் அசையாமல் நிற்கிறது என்பதும் தெரியும். ஆனால் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குப் படும் வாய் ஒடுங்கிய நீள்வட்டம், அடிப்பக்கமும் வளைவே. அறிவு கண்ணை மறைக்கிறது. கோப்பையின் பிடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை மட்டும் வரையுமாறு கூறினால், அவ்விடத்துக்குப் பெயரில்லாமையால் அறிவு குறுக்கிடுவதில்லை. கண் கண்டது தாளில் இறங்குகிறது. வெற்றிடம் சரியாக அமைந்தவுடன் பிடியும் தானே சரியாகி நிற்கும்.

வர்ணத்திலும் இதுவே நிகழ்கிறது. மாத்தளைப் பக்கத்து மேட்டுநிலமொன்றில் நின்று, கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கும் தொடக்கநிலையினர் அம்மலையைப் பச்சையாகத் தீட்டுவர். மலையில் மரம் உண்டு, மரம் பச்சை என்பது அவரது தருக்கம். ஆனால் தூரத்து மலைக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறச் செய்வதால் அம்மலை நீலமாகவும் வெளிறியும் தோன்றுகிறது. அருகிலுள்ள மிளகுக்கொடியே கடும்பச்சை. ஒருவர் கண்ணைப் பாதி மூடி இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் நாளில், இருபது வருடமாகப் பார்த்த மலையை முதன்முறையாகக் காண்கிறார். நீர்வர்ணமாயின் வெளிறியதை முதலிலும் கடுமையானதை இறுதியிலும் இடவேண்டும், வெண்மைக்குத் தாளையே விட்டுவைக்க வேண்டும் என்னும் விதிகள் அதன்பின் ஒரு பிற்பகலிற் கற்கத்தக்கவை. இவற்றுள் எதற்கும் தெய்வ அருள் தேவையில்லை. பொறுமையும் பிழையைப் பார்த்துச் சிரிக்காத ஓர் ஆசிரியரும் தேவை.

கையைப் பொறுத்தவரை, உழைப்பாளியின் கைக்குப் பாடஞ்சொல்ல மத்தியதர வர்க்கத்துக்குத் தகுதியில்லை. மாத்தளை மாவட்டத்து றப்பர் தோட்டத்திற் பால் வெட்டும் தொழிலாளியின் வேலையை நோக்குக. மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், இடமிருந்து வலமாக இறங்கும் கோடொன்றை அவர் கத்தியால் இழுக்கிறார். சீவப்படும் பட்டையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரளவே. ஆழம் போதாவிட்டால் பால் குறையும். சற்று மிஞ்சினால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். இக்கோட்டை ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் அவர் இழுக்கிறார். இத்தகைய கையைப் பார்த்து ‘ஒரு நேர்கோடு போட வராது’ என்று கூறுவோர், கோட்டையும் அறியார், கையையும் அறியார். கோலமிடும் பெண்ணின் நிலையும் இதுவே. இடைவெளி, சமச்சீர், விகிதம் ஆகிய மூன்றும் அவள் விரல்களில் இருக்கின்றன. ஆயினும் அவள் செய்வது ‘வழக்கம்’ என்றும், சட்டமிட்டுச் சுவரில் தொங்குவது ‘கலை’ என்றும் பெயரிட்டவர்கள் அவளுடைய வர்க்கத்தைச் சேர்ந்தவர்களல்லர்.

இப்பொய்யினால் இலாபமடைவோர் யாரென்பது இனிக் கேட்கப்பட வேண்டும். இலங்கையில் தோட்டத் தொழிலாளி வரையப்படாத காலம் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய ஒளிப்பட நிலையங்கள் தோட்டங்களைப் படமெடுத்து விற்றன. 1890இல் லிப்டன் இங்கு தோட்டங்களை வாங்கிய பின், கூடை சுமந்த தமிழ்ப் பெண் உலகெங்கும் விளம்பரமாகப் பயணம் செய்தாள். இன்றும் தேயிலைப் பொதிகளிலும் சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் அவளே நின்று சிரிக்கிறாள். அப்படங்களிற் கொழுந்துப் பையின் பாரம் தெரிவதில்லை. அட்டைக் கடியின் இரத்தம் தெரிவதில்லை. லயத்தின் ஒழுகும் தகரம் தெரிவதில்லை. வரைந்தவர் பார்த்தது அவ்வளவே. வாங்குபவர் பார்க்க விரும்பியதும் அவ்வளவே. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு சமூகம் வரையப்பட்டுக்கொண்டே இருந்தும், வரைபவர் வரிசையில் அதற்கு இடம் கிடைத்தது மிக அரிது. ‘நமக்கு வராதுங்க’ என்ற வாக்கியம் நீடிக்கும்வரை, அச்சமூகத்தின் முகத்தைத் தீர்மானிக்கும் உரிமை பிறர் கையிலேயே நீடிக்கும்.

இவ்விடத்திலே எதிர்வாதமொன்று எழுவது வழக்கம்: சம்பளத்துக்காகவும் காணிக்காகவும் போராடும் மக்களுக்குச் சித்திரம் ஆடம்பரமன்றோ? முற்போக்காளர் போல் தோன்றுவோரும் இதனைக் கூறுகின்றனர். இவ்வாதம் வரலாற்றின்முன் நிற்காது. 1854இல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அங்கு மாலை வேளைகளிற் சித்திரம் கற்பிக்க முன்வந்தவர் அக்காலத்தின் பெருங்கலை விமரிசகரான ஜோன் ரஸ்கின். அவ்வனுபவத்தின் வழியே 1857இல் தொடக்கநிலையினருக்கான சித்திர நூலொன்றை எழுதினார். அவர் முன்வைத்த தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று, வழியிற் கிடக்கும் உருண்டைக் கல்லொன்றை எடுத்து அதன் ஒளியையும் நிழலையும் வரைவது. அக்கல் கைவந்தால் ஏனையவும் கைவரும் என்பது அவர் துணிபு. கல்லுக்கு யட்டவத்தப் பிரதேசத்திற் பஞ்சமில்லை.

ஆயினும் ரஸ்கினோடும் ஓர் எல்லைக்குமேற் செல்வதற்கில்லை. தச்சனை ஓவியனாக்குவது தமது நோக்கமன்று, தச்சனாகவே அவனை மேலும் மகிழ்வோடு வாழச் செய்வதே நோக்கம் என்ற பொருள்பட அவர் கூறினார். நல்லெண்ணமே, எனினும் தச்சன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்னும் குரலும் அதனுள் ஒலிக்கிறது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலம் 1870இல் நிறைவேற்றிய சட்டம், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒவ்வொரு நகரும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்குத் தொழில்சார் சித்திரத்தை இலவசமாகக் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கட்டளையிட்டது. அதன் நோக்கமும் ஆலைகளின் இலாபமே. ஆனால் வளர்ந்த தொழிலாளிக்குச் சித்திரம் வரும் என்பதில் அம்முதலாளிகளுக்கு ஐயமிருக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தமக்கு இலாபம் என்றால் ‘வரம்’ என்னும் வாதம் பறந்துவிடுகிறது.

எசமானரின் இலாபத்துக்கும் மகிழ்ச்சிக்கும் அப்பாற் சென்ற உதாரணம் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள அஷிங்ரன் என்னும் கரிச்சுரங்க ஊர். 1934இல் அங்குள்ள சுரங்கத் தொழிலாளர்கள், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மாலை வகுப்பொன்றிற் கலை இரசனை கற்க விரும்பினர். நியூகாசிலிலிருந்து வந்த ஆசிரியர் ரொபேட் லையன் முதலிற் புகழ்பெற்ற ஓவியங்களின் படங்களைத் திரையிற் காட்டி விளக்கினார். அது அவர்களுக்கு உறைக்கவில்லை. ஓவியத்தை அறியச் சிறந்த வழி ஓவியம் செய்வதே எனக் கண்டு, அவர்களையே செய்ய வைத்தார். பகலில் நிலத்தடியிற் கரி வெட்டியவர்கள், மாலையிற் குடிசையொன்றிற் கூடி, தாம் வரைந்தவற்றைத் தாமே விமரிசித்தனர். வரைந்தவை தமது வாழ்வையே: குனிந்து வெட்டும் சுரங்கத் தொழிலாளி, சுரங்கக் குதிரை, குளிக்கும் தொட்டி, அடுக்களை, நாய்ப் பந்தயம். 1936இல் நியூகாசிலின் ஹற்றன் காட்சிக்கூடத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. குழு 1984வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இயங்கியது. சிறு வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கிய ஒலிவர் கில்போர்ன் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அவர்களிற் பெரும்பாலோர் சுரங்க வேலையை விடவில்லை. ஆனால் சுரங்கம் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் எவரும் இன்று அவர்களுடைய படங்களையே நாடவேண்டியுள்ளது. அவர்களின் தொழிற்சங்கப் போராட்டத்துக்கு இது இடையூறாக இருக்கவில்லை. தன் வாழ்வைத் தானே பார்த்துப் பழகியவன் தன் உரிமையைக் கேட்கத் தயங்குவானென்று கருத இடமில்லை.

இத்தகைய ஊக்கம் மாத்தளைக்கும் முற்றிலும் புதியதன்று. அளுவிகாரையில் ஏனா த சில்வா நடத்திய கைவினை நிலையத்தில், அயற் கிராமத்துப் பெண்கள் பற்றிக்கும் தையற் சித்திரமும் கற்றுத் தேர்ந்தனர். அவரே நாற்பது வயதை அணுகிய காலத்திலேதான் பற்றிக் துறையில் இறங்கினார். ஊர்ப் பெண்ணின் கைக்கு நிறமும் வடிவும் வரும் என்பதற்கு இதைவிட அண்மையான சான்று வேண்டியதில்லை. ஆனால் சந்தைக்குரிய துணியைச் செய்தல் வேறு, தான் கண்டதைத் தான் விரும்பியவாறு வரைதல் வேறு. முன்னது பிழைப்பு, பின்னது குரல். இரண்டும் வேண்டும்.

இக்காலத்துக்குரிய மற்றொரு எதிர்வாதமும் உண்டு. லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி இருக்கிறது. விரலால் தொட்டாற் படம் விழுகிறது. சொல்லிக் கேட்டாற் செயற்கை நுண்ணறிவு படமே தீட்டித் தருகிறது. இந்நிலையிற் பென்சில் எதற்கு? இவ்வாதம் கேட்கப்பட்ட திசைக்கு எதிராகவே திரும்புகிறது. பார்க்காமலே படமெடுக்கலாம், பார்க்காமல் வரைய முடியாது. ஒரு முதியவளின் கையை இருபது நிமிடம் வரைந்தவருக்கு அக்கையிற் கொழுந்து கிள்ளிய விரல் எது என்பது தெரியும். படமெடுத்தவருக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை. சொல்லுக்குப் படம் தரும் இயந்திரமோ, ஏற்கெனவே உலகிற் குவிந்து கிடக்கும் படங்களிலிருந்தே கற்கிறது. தேயிலைத் தோட்டம் என்ற சொல்லுக்கு அங்கு குவிந்திருப்பவை விளம்பரப் படங்களும் சுற்றுலாப் படங்களுமே. ஆகவே அது திருப்பித் தரக்கூடியது பழைய கூடைக்காரியின் பழைய சிரிப்பு. பிறர் வரைந்த முகம் இயந்திர வேகத்திற் பெருகும் காலத்தில், தன் முகத்தைத் தானே வரைய வேண்டிய தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

குற்றத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டும். மக்கள் கலை பற்றிக் கருத்தரங்குகள் நடத்தப்படுகின்றன. நாட்டார் மரபு பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. கோலத்தின் குறியீட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிய ஆய்வாளரிடம் ஒரு கோலத்தை வரைந்து காட்டச் சொன்னால் உதவிக்கு ஆள் தேடுவார். கலைப்பீட மாணவன் சிகிரியா ஓவியத்தைப் பற்றி விடையெழுதுகிறான். அதன் ஒரு விரலையேனும் பார்த்து வரைந்தவனல்லன். அஷிங்ரன் தொழிலாளர் ஒரு பருவத்திற்குள் கண்டுகொண்ட உண்மையை, அதாவது செய்யாமல் அறியமுடியாது என்பதை, பட்டதாரிகள் மூன்று நான்கு வருடத்திலும் காண்பதில்லை. தாமே முயலாதவர்கள் தோட்டத்துப் பெண்ணிடம் சென்று ‘உனக்கு வரும்’ என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள், நம்பாதிருப்பதே நியாயம்.

பாடசாலைகளின் நிலையும் மெச்சத்தக்கதன்று. க.பொ.த. சாதாரண தரத்திற் சித்திரம் ஒரு தெரிவுப் பாடம். தெரிவு செய்யாதவருக்கு அத்துடன் முடிந்தது. சித்திர ஆசிரியர் இல்லாத பாடசாலையில் தெரிவு என்ற சொல்லுக்கே பொருளில்லை. இருக்குமிடத்திலும் போட்டியும் பரிசும் முந்திக்கொள்கின்றன. பொங்கற் பானையும் பாற்சோறும் பன்னிரண்டு வருடம் ஒரே மாதிரியில் வரையப்படுகின்றன. பரிசு பெறாத முப்பத்தொன்பது பிள்ளைகள் தமக்குக் கைவராது என்று கற்று வீடு திரும்புகின்றனர். உண்மையில் அப்போட்டிகள் வெற்றிகரமாகக் கற்பிக்கும் ஒரே பாடம் அதுதான்.

என்ன செய்தல் வேண்டும்? பெருங்கட்டடங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பிரதேச நூலகத்தின் ஒரு மேசை, பாடசாலையின் ஒரு வகுப்பறை, தோட்டத்துப் பிள்ளைகள் நிலையத்தின் திண்ணை, இவற்றுள் ஒன்று ஞாயிறு மாலை இரண்டு மணிநேரம் திறந்திருந்தாற் போதும். இரண்டு பென்சில்கள், அழிறப்பர், கோடில்லாக் கொப்பி, வழியிலெடுத்த ஒரு கல்: செலவு இவ்வளவே. கற்பித்தல் தமிழிலே நிகழ வேண்டும். அயற் கிராமத்துச் சிங்கள நண்பர் வந்தமர்ந்தால் இரு மொழியிலும் நிகழட்டும், கல்லுக்கு மொழியில்லை. கற்பிப்பவர் பெரும் ஓவியராக இருக்கவேண்டியதில்லை; தாம் ஒரு வருடம் முன்னே கற்றதைப் பொறுமையாகக் காட்டக்கூடியவர் போதும். முதல் வருடத்திற் போட்டி கூடாது, பரிசு கூடாது, பிரதம விருந்தினர் கூடாது. நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைவது தவிர்க்கப்பட்டு, கண்முன் இருப்பதே வரையப்பட வேண்டும்: கொழுந்துக் கூடை, பால் வாளி, வாசற்படி, உறங்கும் குழந்தை. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவு வளர்ந்தோருக்குத் தையலும் பிற தொழில்களும் கற்பிக்கிறது; அதன் பாடங்களுள் சித்திரமும் இடம்பெற வேண்டும் எனக் கேட்பது பிச்சையன்று. விடுமுறைக்கு வீடு திரும்பும் மலையகப் பல்கலைக்கழக மாணவர்கள் இதனைத் தொடங்கலாம். தொடங்குமுன், கோப்பையொன்றை எதிரில் வைத்துத் தாமே நாற்பது தடவை தோற்றுப் பார்க்கட்டும்.

தோல்வி நிச்சயம் வரும். வளர்ந்தவருக்கு அது பிள்ளையைவிட அதிகம் சுடும். நாற்பது வயதில் ஏளனத்துக்கு ஆளாவதை எவரும் விரும்புவதில்லை. முதற் குடம் கோணும். இரண்டாவது குடம் ஒரு பக்கம் வீங்கும். பத்தாவது குடத்தில், வாய் வட்டமாக இல்லை, ஒடுங்கியிருக்கிறது என்பதை அவள் தானே கண்டு சொல்வாள். அந்நாளில் யட்டவத்தப் பிரதேசத்து லயமொன்றின் திண்ணையில் அரும்பெரும் ஓவியம் பிறந்துவிடாது. ‘நமக்கு வராதுங்க’ என்ற வாக்கியம் மட்டும் அவ்விடத்தில் மறுபடியும் சொல்லப்படாது. அதன்பின் அவள் எதை வரைவாள் என்பதனைத் தீர்மானிக்க வேண்டியவள் அவளே. தேயிலைப் பொதியின் சிரிப்பை அவள் வரையமாட்டாள் என்று எதிர்பார்க்க இடமுண்டு.